சலாம் வலிப்பும் குடும்பத்தின் கடமையும்



நான்கைந்து மாதக் கைக்குழந்தை தூங்கி எழுந்ததும் தலையைக் குனிந்து குனிந்து நிமிர்வதைக் கண்டால் வீட்டார் சிரிப்பார்கள். "பார், பிள்ளை சலாம் போடுகிறது" என்று பாட்டி சொல்லுவாள். சில வேளை அது வெறும் விளையாட்டாகவும் இருக்கலாம். ஆனால் சில பிள்ளைகளிடத்தில் அது விளையாட்டல்ல. மூளையைப் பிடித்திருக்கும் ஒரு கடுமையான வலிப்பின் முதல் அடையாளம். இதற்குச் 'சலாம் வலிப்பு' என்றே வைத்தியர்கள் முன்னாளில் பெயரிட்டார்கள். இப்போது 'வெஸ்ட் சிண்ட்ரோம்' என்றும், சிசுக்களின் சுளுக்கு வலிப்பு என்றும் சொல்லுகிறார்கள்.

பிறக்கும் பதினாயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 2 முதல் 4 பேருக்கே இந்நோய் வருகிறது. அப்படியிருக்க, எல்லோரும் இதைப்பற்றிப் படிப்பானேன் என்று கேட்கலாம். காரணம் இரண்டு. முதலாவது, இந்நோயில் நாள் கடத்துவது பிள்ளையின் அறிவு வளர்ச்சிக்கே கேடு. இரண்டாவது, மூளைக் குறையோடு வளரும் எந்தப் பிள்ளையின் வீட்டிலும் பெற்றோர் படும் பாடு பெரும்பாலும் ஒன்றே. அந்த வீடு நம் அண்டை வீடாக இருக்கலாம். நாளை நம் மகள் வீடாகவும் இருக்கலாம்.

நோயின் அடையாளங்கள்

இவ்வலிப்பு பெரும்பாலும் முதல் வயதிற்குள், அதிலும் மூன்றாம் மாதத்திற்கும் எட்டாம் மாதத்திற்கும் இடையில் தலைகாட்டுகிறது. காக்காய்வலிப்பு என்று நாம் அறிந்திருப்பதுபோல் இதில் வாயில் நுரை தள்ளுவதில்லை. நெடுநேரம் கைகால் வெட்டி இழுப்பதுமில்லை. தலை சட்டென்று முன்னே குனியும். கைகள் இரண்டும் விரிந்து உயரும், அல்லது மார்போடு மடங்கும். முழங்கால்கள் வயிற்றை நோக்கிச் சுருங்கும். ஒன்றிரண்டு விநாடியில் உடம்பு தளர்ந்துவிடும். சில விநாடி கழித்து மறுபடியும் அதே அசைவு. இப்படி ஒரே தொடராய்ப் பத்து, இருபது, அதற்கு மேலும் வரும். தூங்கி எழுந்த நேரத்தில் வருவது மிகவும் வழக்கம். ஒவ்வொரு அசைவுக்குப் பின்னும், அல்லது தொடர் முடிந்ததும், பிள்ளை வீரிட்டு அழுவதுண்டு.

இரண்டாவது அடையாளத்தைத் தாயே முதலில் அறிவாள். முகம் பார்த்துச் சிரித்த பிள்ளை சிரிப்பை மறந்துவிடுகிறது. கூப்பிட்டால் திரும்பிய பிள்ளை திரும்புவதில்லை. தலை நிற்கத் தொடங்கிய கழுத்து மறுபடி தொய்கிறது. "என்னைப் பார்க்கிறான், ஆனால் என்னைக் காண்கிறதில்லை" என்று தாய் சொன்னால், அதை வீண் பயம் என்று யாரும் தள்ளிவிடக்கூடாது.

நம் வீடுகளில் இதை வயிற்றுவலி என்பார்கள், மாந்தம் என்பார்கள், உரம் விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டுவார்கள். வித்தியாசத்தைக் கவனியுங்கள். பிள்ளை சத்தம் கேட்டுத் திடுக்கிட்டால் அது ஒரு தடவையோடு நின்றுவிடும். காரணமும் கண்ணுக்குத் தெரியும். வயிற்றுவலியில் பிள்ளை நெளிந்து அழும்; அந்த அழுகைக்கு ஓர் ஒழுங்கிராது. ஒரே மாதிரியான அசைவு, சில விநாடி இடைவெளி விட்டு, வரிசையாக வருமானால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

காரணங்கள் பல. பிரசவ நேரத்தில் பிள்ளைக்கு மூச்சு முட்டியிருக்கலாம். பிறந்த முதல் நாட்களில் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்திருக்கலாம். மூளையில் கிருமி தாக்கியிருக்கலாம். மூளையின் அமைப்பே கர்ப்பத்தில் மாறியிருக்கலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கும், தோலில் வெள்ளைத் திட்டுகளோடு வரும் 'டியூபரஸ் ஸ்க்ளிரோஸிஸ்' என்னும் பிறவி நோயுள்ள பிள்ளைகளுக்கும் இவ்வலிப்பு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. எவ்வளவு தேடியும் காரணம் அகப்படாத பிள்ளைகளும் உண்டு.

ஒரு தகப்பனாரின் கடிதம்

இந்நோயை உலகுக்கு முதன்முதல் விவரித்துக் காட்டியவர் ஒரு பெரிய பண்டிதர் அல்ல, ஒரு தகப்பனார். இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்னும் ஊரில் வைத்தியம் செய்துவந்தவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட். 1840-ல் அவருக்கு ஜேம்ஸ் எட்வின் என்னும் ஆண் பிள்ளை பிறந்தது. நான்காம் மாதம் வரை சுகமாய் வளர்ந்த பிள்ளை, தலையை இலேசாய் முன்னே ஆட்டத் தொடங்கிற்று. நாளுக்கு நாள் ஆட்டம் பலத்தது; தலை முழங்காலை நோக்கிக் குனியலாயிற்று. ஒவ்வொரு தொடரிலும் பத்திலிருந்து இருபது தடவை, இரண்டு மூன்று நிமிஷம், நாளில் இரண்டு மூன்று தொடர் என்று தகப்பனார் எண்ணிப் பார்த்தார்.

வைத்தியராகிய அவருக்குத் தெரிந்த சிகிச்சை எல்லாம் செய்தார். அக்காலத்து முறைப்படி அட்டை விட்டார். தலைக்குக் குளிர்ச்சி வைத்தார். பேதி மருந்தும் அபினி மருந்தும் கொடுத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. பிள்ளையை லண்டனுக்குக் கொண்டுபோய்ப் பேர்பெற்ற வைத்தியர்களிடம் காட்டினார். அவர்களில் சர் சார்லஸ் கிளார்க் என்பவர் இதேபோன்ற வேறு சில பிள்ளைகளைப் பார்த்திருந்தார். சலாம் வலிப்பு என்ற பெயரும் அவர் சொன்னதே. பிறகு 1841-ல் வெஸ்ட் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, தம் பிள்ளைக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் விவரித்து, இதைப்பற்றி அறிந்தவர்கள் சொல்லும்படி மற்ற வைத்தியர்களை வேண்டிக்கொண்டார்.

அவர் உயிரோடிருந்த காலத்தில் மருந்து வரவில்லை. 1848-ல் அவர் காலமானார். பிள்ளை 1860-ல் இருபதாம் வயதில் இறந்தான். 1952-ல் அமெரிக்காவில் கிப்ஸ் தம்பதிகள் இந்நோயில் மூளையின் மின்னலைகள் எப்படிச் சிதறிப்போகின்றன என்பதை விவரித்தார்கள். 1958-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த சோரெல் என்பவரும் அவருடைய கூட்டாளியும் ஏ.ஸி.டி.எச். என்னும் சுரப்பு மருந்து இவ்வலிப்பை நிறுத்துவதைக் காட்டினார்கள். கடிதத்திற்கும் மருந்துக்கும் நடுவே 117 வருஷம்.

தம் பிள்ளையைக் குணப்படுத்த முடியாத அந்தத் தகப்பனார் செய்தவை மூன்று. கவனித்துப் பார்த்து எண்ணினார். வெட்கப்பட்டு மறைக்கவில்லை. பிறரிடம் உதவி கேட்டார். மருந்தில்லாத காலத்தில் அவர் செய்த இம்மூன்றும், மருந்துள்ள இக்காலத்தில் நமக்கும் கடமையாகின்றன. அவற்றை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

முதற் கடமை: கவனித்தல், காட்டுதல்

வைத்தியரின் அறைக்குள் பிள்ளைக்கு வலிப்பு வரும் என்பது நிச்சயமில்லை. ஆகவே வீட்டில் வரும்போது, கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். பிள்ளையின் முகமும் கைகால்களும் தெரியும்படி, போர்வையை விலக்கி, தொடர் முடியும்வரை பிடிக்கவேண்டும். ஒரு சிறு நோட்டில் தேதி, நேரம், எத்தனை அசைவு, தூங்கி எழுந்தபோதா, அதற்குப்பின் அழுததா என்று குறித்து வாருங்கள். ஆயிரம் வார்த்தையில் விளங்காதது அந்த ஒரு நிமிஷப் படத்தில் வைத்தியருக்கு விளங்கிவிடும்.

உள்ளூர் வைத்தியர் "ஒன்றுமில்லை, சரியாய்ப் போய்விடும்" என்று சொல்லி, அசைவுகளோ நிற்காதிருந்தால், அதோடு விட்டுவிடாதீர்கள். குழந்தைகளின் நரம்பு வைத்தியர் உள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய், ஈ.ஈ.ஜி. என்னும் மூளை மின்னலைப் பரிசோதனை செய்யவேண்டுமா என்று கேளுங்கள். பிள்ளை தூங்கும்போதும் அதைப் பதிவு செய்வது அவசியம். விழித்திருக்கும்போது மட்டும் எடுத்தால் சிலரிடத்தில் நோய் மறைந்திருக்கும். மூளையின் அமைப்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ. படமும் எடுப்பார்கள்.

சிகிச்சை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஏ.ஸி.டி.எச். ஊசி அல்லது பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து. சில வாரங்களுக்குக் கொடுத்துப் படிப்படியாய்க் குறைப்பார்கள். மற்றது, விகாபாட்ரின் என்னும் மருந்து. டியூபரஸ் ஸ்க்ளிரோஸிஸ் உள்ள பிள்ளைகளுக்கு முதலில் இதையே கொடுப்பது வழக்கம். இரண்டிலும் கஷ்டமுண்டு. ஸ்டீராய்டு மருந்தால் பிள்ளையின் முகம் ஊதும். பசியும் சிணுங்கலும் அதிகமாகும். இரத்த அழுத்தம் ஏறலாம். தொற்றுநோய் எளிதில் பற்றும். ஆகையால் சளி காய்ச்சல் உள்ளவர்கள் பிள்ளையைத் தூக்கக்கூடாது. தடுப்பு மருந்து எதையும் வைத்தியரைக் கேட்டே போடவேண்டும். விகாபாட்ரின் கண்ணின் ஓரப் பார்வையைப் பாதிக்கக்கூடும் என்பதால் அதையும் வைத்தியர் கவனிப்பார். முகம் ஊதிவிட்டதே என்று பயந்து ஸ்டீராய்டு மருந்தை நீங்களாகத் திடீரென்று நிறுத்துவது பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

ஒன்றை முக்கியமாய் ஞாபகத்தில் வையுங்கள். "முன்னைக்கு இப்போது பாதியாய்க் குறைந்திருக்கிறது" என்று திருப்திப்படலாகாது. இந்நோயில் வலிப்பு முழுவதும் நிற்கவேண்டும். மூளை அலைகளும் சீராகவேண்டும். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் மருந்தை மாற்றுவதைப்பற்றி வைத்தியரோடு பேசுங்கள். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, பிள்ளையின் பிற்கால வளர்ச்சிக்கு அவ்வளவு நல்லது என்பது ஆராய்ச்சியில் கண்ட உண்மை. இங்கே மாதக் கணக்கல்ல, நாட் கணக்கே பேச்சு. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர்கள் நேர்ச்சையைப் பிறகு செலுத்தட்டும். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். தாயத்துக்கும் மந்திரிப்பதற்கும் செலவிடும் நாட்களோ பிள்ளையின் நாட்களிலிருந்தே கழிகின்றன.

இரண்டாம் கடமை: பழி சொல்லாமை, மறைக்காமை

நோயின் பெயர் தெரிந்த அன்றே பல வீடுகளில் ஒரு விசாரணை தொடங்கிவிடுகிறது. "கர்ப்பத்தில் நீ என்ன சாப்பிட்டாய்? கிரகண நேரத்தில் வெளியே வந்தாயா? உங்கள் வம்சத்தில் யாருக்கு இருந்தது?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் வெளியார் அல்ல. மாமியாரும் நாத்தனாரும், சில வேளை கணவனுமே. ஒருவரும் கேளாவிட்டாலும் தாய் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளுகிறாள். இரவில் தொட்டிலண்டை உட்கார்ந்து, பத்து மாதத்தையும் நாள் நாளாய்ப் புரட்டிப் பார்த்து, தன் மேல் குற்றம் தேடுகிறாள்.

மேலே சொன்ன காரணங்களை மறுபடி ஒரு தடவை வாசியுங்கள். கிரகணம் அதில் இல்லை. தாய் தின்ற பண்டமோ, தூக்கிய குடமோ, அழுத அழுகையோ அதில் இல்லை. பிரசவத்தில் மூச்சு முட்டுவதைத் தாய் வேண்டுமென்று செய்யவில்லை. பிறவி நோய்களில் பலவும் தாய் தகப்பன் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடத்திலேயே புதிதாய் உண்டாகின்றன. பெற்றோர் வழியாய் வருவது என்றாலும், ஒருவரும் தெரிந்தெடுத்துக் கொடுப்பதில்லை. அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தின் 9-ம் அதிகாரத்தில் சீஷர்கள் பிறவிக் குருடனைப்பற்றி இதே கேள்வியைக் கேட்டார்கள். பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று. இவனுமல்ல, அவர்களுமல்ல என்பதே நம் ஆண்டவர் கொடுத்த மறுமொழி. அதற்குமேல் ஒரு கிறிஸ்தவ வீட்டில் அந்த விசாரணைக்கு இடமேது?

பழிக்குப் பயந்தே பல குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. பிள்ளையைக் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் கொண்டுவருவதில்லை. "மூத்தவளுக்கு வரன் பார்க்கவேண்டும், வெளியே தெரியக்கூடாது" என்கிறார்கள். மறைப்பதால் முதலில் நஷ்டப்படுவது பிள்ளை. சிகிச்சைக்கு வெளியூர் போகக்கூட அந்த வீட்டார் பொய்க்காரணம் தேடவேண்டியதாகிறது. அடுத்து நஷ்டப்படுவது தாய். மனம் விட்டு அழ அவளுக்கு ஒரு திண்ணைகூட இல்லாமற் போகிறது. வெஸ்ட் என்பவர் தம் மகனின் அறிவு வளரவில்லை என்பதைத் தம் பெயரையே போட்டு அச்சில் வெளியிட்டார். அதனால் அவருக்கு ஒரு குறைவும் வரவில்லை. பின்வந்த பிள்ளைகளுக்கோ நன்மை வந்தது.

மூன்றாம் கடமை: பாரத்தைப் பங்கிடுதல்

வேளைக்கு மருந்து, வாரந்தோறும் ஆஸ்பத்திரி, விழுங்கத் தெரியாத பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாய் ஆகாரம், இரவெல்லாம் விழிப்பு, தசைப் பயிற்சி, இவை ஓராளின் வேலையல்ல. ஆனால் அநேக வீடுகளில் எல்லாம் தாயின் தலையிலேயே விழுகின்றன. தகப்பன் சம்பாதிப்பதோடு தன் கடமை முடிந்ததென்று நினைக்கிறான். துக்கம் அவனுக்கும் உண்டு. அதைச் சொல்லத் தெரியாமல், வீடு திரும்ப நேரம் கடத்துகிறான். ஒரே துக்கத்தை இருவரும் தனித்தனி அறையில் வைத்து அழுகிறார்கள்.

தகப்பன்மாரே, ஒரு வேலையை முழுவதும் உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். இரவு மருந்து உங்கள் பொறுப்பு என்றால், மனைவி ஞாபகப்படுத்தாமலே செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய், வைத்தியர் சொல்வதை உங்கள் காதாலேயே கேளுங்கள். அப்போது "வைத்தியர் என்ன சொன்னார்? நீ சரியாய்க் கேட்டாயா?" என்ற சச்சரவு வீட்டில் எழாது. வாரத்தில் ஓர் இரவாவது தாய் இடையூறில்லாமல் தூங்க வழிசெய்யுங்கள்.

பாட்டிமாரே, ஆலோசனையைக் குறைத்து, கையை நீட்டுங்கள். மருமகளைச் சாப்பிட உட்காரவைத்து, அரைமணி நேரம் பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்வது பத்து யோசனைக்குச் சமம்.

மற்றப் பிள்ளைகளை மறவாதீர்கள். தம்பிக்கு மூளையில் நோய், அது ஒட்டுவாரொட்டியல்ல, நீ செய்த எதனாலும் வரவில்லை என்று அவர்களுக்கு விளங்கும் வார்த்தையில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்களாகவே ஏதோ கற்பித்துக்கொள்வார்கள். மூத்த பெண்ணைத் தாதியாக்கிப் பள்ளியை நிறுத்துவது ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை இழப்பதாகும்.

தாயைப்பற்றி ஓர் எச்சரிக்கை. பிள்ளை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, உணவு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை, நானும் பிள்ளையும் போய்விட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று சொல்லுகிறாள் என்றால், அதைக் கோபத்தில் சொன்ன வார்த்தையாக எண்ணிவிடாதீர்கள். அவளைத் தனியே விடாமல் உடனே வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். பிள்ளையின் வலிப்பைப்போலவே அதுவும் மருந்தால் குணமாகக்கூடிய நோய், அதைப்போலவே அவசரமானதும்கூட.

அண்டை வீட்டாருக்கும் பங்குண்டு. "கடவுள் உனக்கென்று கொடுத்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆஸ்பத்திரி நாளில் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதும், கூலி போன நாளில் பஸ் செலவுக்குக் கொடுப்பதும், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா கோயிலுக்கு வந்தால் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் இடம் விடுவதும் அந்த வார்த்தையைவிட ஆறுதலானவை.

சர்க்கார் உதவியும் உண்டு. அதைக் கேட்க வெட்கம் வேண்டாம். 2013-ல் ஏற்பட்ட குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மாவட்டந்தோறும் ஆரம்ப இடையீட்டு மையங்கள் அமைக்க ஏற்பாடாயிற்று. தசைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி முதலியவற்றிற்கு அங்கே விசாரியுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பலவகைக் குறைபாடுள்ளோருக்கான மத்திய சர்க்கார் நிறுவனம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக 2016-ல் ஏற்பட்ட சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஒப்புக்கொள்ளுகிறது. மூளை வாதமும் அறிவு வளர்ச்சிக் குறையும் அவற்றில் சேர்ந்தவை. அதற்குரிய சான்றிதழும் அட்டையும் இருந்தால்தான் மற்ற உதவிகளுக்கு வழி திறக்கும். மூளை வாதம், அறிவு வளர்ச்சிக் குறை, ஆட்டிசம், பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 'நிராமயா' என்னும் வைத்தியக் காப்புத் திட்டம் வருஷத்திற்கு 1 லட்ச ரூபாய் வரை உதவுகிறது.

பிற்காலம் எப்படி?

பெற்றோர் கேட்கும் கடைசிக் கேள்வி இது. உண்மையைச் சொல்லவேண்டும். காரணம் அகப்படாதவர்களும், சிகிச்சை சீக்கிரம் பெற்றவர்களுமான சில பிள்ளைகள் மற்றவர்களைப்போலவே வளர்ந்து பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் பலருக்கு அறிவு வளர்ச்சியில் குறை தங்கிவிடுகிறது. சிலருக்கு வேறுவகை வலிப்பு பின்னால் வருகிறது. எந்தப் பிள்ளை எந்த வழியில் போகும் என்று முதல் மாதத்திலேயே ஒருவராலும் உறுதியாய்ச் சொல்ல முடியாது.

ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு உங்கள் பிள்ளையை ஒத்துப் பார்க்காதீர்கள். போன மாதத்து உங்கள் பிள்ளையோடேயே ஒத்துப் பாருங்கள். போன மாதம் கழுத்து நிற்கவில்லை, இந்த மாதம் நிற்கிறது என்றால், அதை அந்த நோட்டிலேயே எழுதி வையுங்கள். வலிப்பை எண்ணிய நோட்டில் வளர்ச்சியும் ஏறட்டும். நடக்காத பிள்ளையும், பேசாத பிள்ளையும் தாயின் குரலை அறியும். தாலாட்டையும் கொஞ்சலையும் அதற்குக் குறைக்காதீர்கள். குணமாகும் பிள்ளைக்கு உங்கள் அன்பு எவ்வளவு வேண்டுமோ, குணமாகாத பிள்ளைக்கும் அவ்வளவும் வேண்டும்.

குடும்பத்தில் பேசிக்கொள்ள

1. திடுக்கிடுதல், வயிற்றுவலி, சலாம் வலிப்பு, இம்மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது?

2. வலிப்பு பாதி குறைந்தால் போதும் என்று ஏன் இருக்கக்கூடாது?

3. நம் வீட்டில் யாருக்காவது நோய் வந்தபோது யார் மேலாவது பழி சொன்னோமா? இன்னும் சொல்லுகிறோமா?

4. நம் தெருவில் இப்படிப்பட்ட பிள்ளை உள்ள வீடு எது? வருகிற வாரம் அந்த வீட்டின் எந்த ஒரு வேலையை நாம் வாங்கிக்கொள்ளலாம்?